எந்த ஊர் இது?

தேயிலைச் சரிவு. மேலே யூகலிப்டஸ் மரங்கள், அவற்றின் பாதி உயரத்துக்கு மூடுபனி. சரிவை வளைத்துக்கொண்டு போகிற ஒற்றைத் தண்டவாளம். பெயர்ப்பலகை கிடையாது, ஆள் கிடையாது, வண்டியும் கிடையாது. நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இந்தப் படத்தைப் போட்டு, "எந்த ஊர், சொல்லுங்க பார்ப்போம்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் டார்ஜிலிங் என்பார். இன்னொருவர் நுவரெலியா பக்கம் என்பார். மூன்றாமவர் ஊட்டி ரயில் என்று அடித்துச் சொல்வார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தேயிலை, பனி, தண்டவாளம் மூன்றும் அந்த மூன்று மலைகளிலும் உண்டு.

இனி தண்டவாளத்தின் அகலத்தைப் பாருங்கள். டார்ஜிலிங் ரயில் ஓடுவது 610 மில்லிமீட்டர் பாதையில். இரண்டடிதான். நீலகிரி ரயில் மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். இலங்கையின் மலையகப் பாதையோ கொழும்பிலிருந்து பதுளை வரைக்கும் 1,676 மில்லிமீட்டர். நம் ஊர் பிராட் கேஜும் அதே அளவுதான். படத்தில் அளவுகோல் இல்லையே என்றால், குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையின் நீளத்தோடும் ஜல்லிக் கற்களோடும் ஒப்பிட்டாலே மூன்றில் எது என்று பிடித்துவிடலாம். மீட்டர் கேஜ் என்று தெரிந்தால் நீலகிரி. அதோடு நிறுத்த வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 46 கிலோமீட்டர். அதில் கல்லாறு முதல் குன்னூர் வரைதான் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட மூன்றாவது தண்டவாளம் ஓடும். ஏற்றம் செங்குத்தானதால் எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏற முடியும். படத்தில் நடுத்தண்டவாளம் இல்லை. கல்லாற்றுக்குக் கீழேயும் அது கிடையாது, ஆனால் அங்கே இருப்பது பாக்குத்தோப்பு, தேயிலை அல்ல. ஆகவே படம் குன்னூருக்கு மேலே, ஊட்டிக்குக் கீழே எடுக்கப்பட்டது.

படத்தைப் பார்த்து இடம் சொல்லும் விளையாட்டு அதன் மிகச் சிறந்த வடிவில் இப்படித்தான் இருக்கும். ஒரு படம், சில கண்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் உடைத்துப் பார்க்கும் பேச்சு. இந்த விளையாட்டைப் பற்றிப் பெரிய பெரிய பாராட்டுகள் சொல்லப்படுகின்றன. புவியியல் கற்றுத் தருகிறது என்கிறார்கள், கூர்ந்து பார்க்கப் பழக்குகிறது என்கிறார்கள், வீட்டில் உட்கார்ந்தபடியே உலகம் சுற்றலாம் என்கிறார்கள். பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாமல், இவற்றில் எது தேறும் எது தேறாது என்று நிறுத்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் மணிக்கணக்கில் இதை ஆடுகிறார்கள். இதே திறமையைக் கொண்டு கொலைக் குற்றவாளிகளைப் பிடித்திருக்கிறார்கள், அதே திறமையைக் கொண்டு ஒரு பெண்ணை வீட்டு வாசல்வரை துரத்தியும் இருக்கிறார்கள்.

இன்றைக்கு இந்த விளையாட்டின் பெயரே ஜியோகெஸ்ஸர் என்று ஆகிவிட்டது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆன்டன் வல்லேன் 2013-ல் அதை உருவாக்கினார். கூகுள் 2007-ல் அமெரிக்காவின் சில நகரங்களில் தொடங்கிய ஸ்ட்ரீட் வியூ, அதற்குள் பல நாடுகளின் சாலைகளைப் படம் பிடித்து முடித்திருந்தது. அந்தக் குவியலிலிருந்து ஏதோ ஒரு சாலையில் ஆட்டக்காரரை இறக்கிவிடுவார்கள். சுற்றுமுற்றும் பார்த்து, உலக வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குத்த வேண்டும். ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 5,000 மதிப்பெண், ஐந்து சுற்று, மொத்தம் 25,000. 2023-ல் ஸ்டாக்ஹோமில் உலகக் கோப்பையே நடத்தினார்கள். யோசனை அபாரமானது. முன்பின் தெரியாத ஒரு ரோட்டில் நிற்கும்போது எழும் "எங்கே இருக்கிறேன்" என்ற கேள்வி மனிதனுக்கு மிகப் பழையது. அந்தக் கேள்வியை இவ்வளவு சுத்தமாக ஒரு ஆட்டமாக்கியவர்களை மனமாரப் பாராட்டலாம்.

குறை மதிப்பெண் முறையில் இருக்கிறது. அது தூரத்தை மட்டும் அளக்கிறது. முதலில் சொன்ன மலைப் படத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். நுவரெலியா என்றவர் குன்னூரிலிருந்து சுமார் 650 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறார். அவருக்கு 3,000-க்கு மேல் கிடைக்கும். டார்ஜிலிங் என்றவர் 2,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறார். அவருக்கு 2,000-கூடத் தேறாது. ஆனால் யாருடைய யோசனை தேவலை? முன்னவர் தண்டவாளத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அவ்வளவு அகலமான பாதையோடு இதைக் குழப்பியிருக்க மாட்டார். பின்னவர் குறுகிய மலைப் பாதை என்பது வரைக்கும் சரியாகப் போய், இரண்டடியா மூன்றடியா என்பதில் சறுக்கினார். மதிப்பெண் முன்னவரைத் தூக்கிவிடுகிறது, பின்னவரை அமுக்கிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு குத்திய புள்ளி தற்செயலாகக் குன்னூரில் விழுந்தால் முழு மதிப்பெண். எந்த யோசனையும் இல்லாத விடைக்கும் நல்ல யோசனையில் பிறந்த விடைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுகோல் அது.

இதன் விளைவு ஆட்டத்தின் உயர்மட்டத்தில் பளிச்சென்று தெரிகிறது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் 'மெட்டா' என்று ஒன்றைச் சொல்வார்கள். நிலத்தைப் படிப்பதற்குப் பதிலாக, படம் எடுத்த வண்டியைப் படிப்பது. கென்யாவில் ஓடிய கூகுள் காரின் முன்பக்கம் காற்றுக்குழாய் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். கானாவில் காரின் கூரைக் கம்பியில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். மங்கோலியாவில் கூரை மேல் கூடார மூட்டைகள் தெரியும். நைஜீரியாவில் பின்னாலேயே ஒரு காவல் வண்டி வரும். கேமராவின் எந்தத் தலைமுறை, எந்த நாட்டு வானத்தில் படம் எப்படிப் பிசிறடிக்கும் என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் சேர்த்தி. இந்தக் குறிப்புகளை மனப்பாடம் செய்தவர் ஒரு நொடியில் கென்யா என்பார், சரியாகவும் இருக்கும். கென்யாவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஒரு காற்றுக்குழாய் தெரியும். அந்த நாட்டில் ஒருநாள் போய் இறங்கினால் அந்தக் குழாய் அவருக்கு எந்த உதவியும் செய்யாது.

மெட்டாக்களை ஒட்டுமொத்தமாகத் தள்ளுவதும் நியாயமில்லை. ஜப்பானின் மின்கம்பத்தில் மஞ்சள் கறுப்புச் சாய்கோடுகள், பிரிட்டனில் முன்னால் வெள்ளையும் பின்னால் மஞ்சளுமாக வண்டி எண் பலகை, வண்டிகள் இடப்பக்கம் போகின்றனவா வலப்பக்கமா என்பதெல்லாம் அந்தந்த நாட்டு மனிதர்கள் எடுத்த முடிவுகள். அவற்றைத் தெரிந்துகொள்வது அறிவுதான். சாலையோரக் கட்டையைப் பார்த்து நாட்டைச் சொல்கிறவரைச் சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அது கேலியாகப் படவில்லை. செடி கொடிகளை இலையை வைத்து இனம் பிரிப்பவர் செய்வதும் அதே வேலைதானே. பிரிக்க வேண்டிய கோடு வேறு இடத்தில் இருக்கிறது. இடத்தைப் பற்றிய குறிப்பு ஒரு பக்கம், படம் எடுத்த நிறுவனத்தைப் பற்றிய குறிப்பு மறுபக்கம். முதல் வகை ஆட்டம் முடிந்த பிறகும் கையில் நிற்கும். இரண்டாம் வகை ஆட்டத்தோடு போய்விடும். போட்டியின் நெருக்கடி ஆட்டக்காரர்களை இரண்டாம் வகைக்கே தள்ளுகிறது. நகரக்கூடாது, திரும்பக்கூடாது, ஜூம் செய்யக்கூடாது என்று ஒரு முறையே வந்துவிட்டது. சில நொடிகளில் குத்தியாக வேண்டும் என்றால் யாரும் மண்ணின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஒரு விதியை மனப்பாடமாக வைத்திருப்பதற்கும் அதன் காரணத்தை அறிந்திருப்பதற்கும் உள்ள தூரத்துக்கு சூரியனைவிட நல்ல சாட்சி இல்லை. நண்பகலில் சூரியன் வடக்கே தெரிந்தால் படம் தென் கோளத்தில் எடுக்கப்பட்டது என்பது இந்த விளையாட்டில் எல்லோரும் முதலில் கற்கும் விதி. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவின் தென்பகுதியிலும் அது பொய்ப்பதில்லை. சென்னையில் பொய்க்கும். சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அங்கே நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கேதான் நிற்கும். கன்னியாகுமரியில் அந்தக் காலம் இன்னும் நீளம். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவே கிடக்கும் எந்த ஊருக்கும் இது பொருந்தும். விதியை மட்டும் படித்தவர் கோடைகாலச் சென்னையைத் தென் கோளத்தில் கொண்டுபோய்க் குத்துவார். சூரியன் ஏன் வடக்கும் தெற்குமாக நகர்கிறது என்று புரிந்தவர், அதே நிழலை வைத்து மாதத்தைக்கூட நெருங்கிச் சொல்லிவிடுவார்.

உலகம் சுற்றலாம் என்ற பாராட்டுக்கு வருவோம். சுற்றுவது எந்த உலகத்தை என்பதுதான் கேள்வி. ஸ்ட்ரீட் வியூ கார் போன உலகம் வேறு, நாம் வாழும் உலகம் வேறு. இந்தியாவில் அந்தக் கார் 2011-ல் பெங்களூரில் ஓடத் தொடங்கியதும் காவல்துறை தடுத்து நிறுத்தியது. 2016-ல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2022 ஜூலையில்தான் டெக் மகிந்திரா, ஜெனசிஸ் இன்டர்நேஷனல் நிறுவனங்கள் எடுத்த படங்களோடு சென்னை உட்பட பத்து நகரங்களில் அது வந்தது. இலங்கைத் தெருக்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டன. அந்த ஆண்டுகளில் பலகையில் தமிழ் எழுத்தைக் கண்ட ஆட்டக்காரர், தமிழ்நாட்டைக் கணக்கிலேயே எடுக்காமல் இலங்கையிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ குத்துவதுதான் புத்திசாலித்தனம். தமிழ் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் வாழும் நிலம் ஆட்டத்துக்கு வெளியே கிடந்தது. ஜெர்மனியின் கதை வேறு மாதிரி. அங்கே 2010-ல் 2.4 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தங்கள் வீட்டை மங்கலாக்கச் சொல்லிக் கேட்டன. அதற்குப் பிறகு கூகுள் அந்த நாட்டில் புதுப் படங்களைக் கொடுக்க 2023 ஆனது. ஐரோப்பாவின் பெரிய நாடு ஒன்று பத்தாண்டுக்கு மேல் இந்த விளையாட்டில் பெரும்பாலும் வெற்றிடம். சீனா இன்றும் ஏறக்குறைய அப்படித்தான். இந்த ஓட்டைகளுக்கு விளையாட்டை உருவாக்கியவர்கள் பொறுப்பில்லை. ஆனாலும் இதை ஆடி உலகப் புவியியல் படித்துவிட்டதாகச் சொல்பவர், அனுமதி கிடைத்த சாலைகளின் புவியியலைத்தான் படித்திருக்கிறார்.

இனி இந்தத் திறமை தன் முழு உயரத்துக்கு எழும் இடத்தைப் பார்க்க வேண்டும். 2018 ஜூலையில் ஒரு வீடியோ பரவியது. இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் சீருடை அணிந்தவர்கள் நடத்திக்கொண்டுபோய்ச் சுட்டுக் கொல்கிறார்கள். எங்கள் நாட்டில் நடந்ததில்லை, பொய்ச் செய்தி என்றது கேமரூன் அரசு. பிபிசியின் 'ஆப்பிரிக்கா ஐ' புலனாய்வுக் குழுவினர் வெளி ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்த வீடியோவை எடுத்துக்கொண்டார்கள். கேமராவில் சில நொடிகள் மட்டும் பின்னணியில் ஒரு மலைத்தொடரின் விளிம்பு வருகிறது. அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கத்தைச் செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து எழுப்பிய நிலத்தோற்றத்தோடு பொருத்தித் தேடியதில், நைஜீரிய எல்லைக்குப் பக்கத்திலுள்ள செலவெட் என்ற ஊர் கிடைத்தது. வழியில் தெரிந்த வீடுகளும் மரங்களும் பாதையும் பழைய செயற்கைக்கோள் படங்களோடு ஒவ்வொன்றாகப் பொருந்தின. ஒரு கட்டடம் எந்த ஆண்டுப் படத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்பது காலத்தைக் குறுக்கியது. நடந்துபோகும் சிப்பாய்களின் நிழல் நீளமும் திசையும் மேலும் குறுக்கி, 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடையே என்று கொண்டுவந்து நிறுத்தின. இதற்கிடையே அரசு தன் மறுப்பை விட்டுவிட்டுச் சிப்பாய்களைக் கைது செய்தது. 2020-ல் நால்வருக்கு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

தேயிலைச் சரிவில் தண்டவாளத்தை அளந்ததும் இதுவும் ஒரே திறமைதான். ஒழுக்கம் மட்டும் வேறு. கேமரூன் ஆய்வில் எவரும் "எனக்குத் தோன்றுகிறது" என்று புள்ளி குத்தவில்லை. ஒவ்வொரு பொருத்தத்தையும் மற்றவர் திரும்பச் செய்து பார்க்கும்படி வரைந்து காட்டினார்கள். ஒரு வீடு பொருந்தாமல் போயிருந்தால் முழு முடிவும் விழுந்திருக்கும் என்ற பயத்தோடு வேலை செய்தார்கள். 'பெல்லிங்கேட்' போன்ற இணையப் புலனாய்வு அமைப்புகள் இந்த ஒழுக்கத்தை 2014 முதல் வளர்த்து வருகின்றன. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017-ல் தொடங்கிய திட்டமும் அதே வழியில் நடக்கிறது. குழந்தைகள் மீதான கொடுமைப் படங்களிலிருந்து ஒரு பையையோ சட்டையையோ பாட்டில் லேபிளையோ மட்டும் வெட்டியெடுத்து, இது எந்த நாட்டில் விற்பது என்று பொதுமக்களைக் கேட்கிறார்கள். என்றைக்கோ கடையில் பார்த்த ஒரு லேபிளின் ஞாபகம் ஒரு குழந்தையை மீட்க வழிகாட்டக்கூடும். கூர்ந்து பார்க்கப் பழக்குகிறது என்ற பாராட்டை நான் முழு மனதோடு ஏற்பது இந்த உதாரணங்களால்தான்.

அதே கூர்மைக்கு மறுபக்கமும் உண்டு, அதை மெல்லிய குரலில் சொல்லக் கூடாது. 2019-ல் ஜப்பானில் ஒரு இளம் பாடகியின் செல்ஃபியைப் பெரிதாக்கிய ஒருவன், அவர் கண்மணியில் பிரதிபலித்த ரயில் நிலையத்தைப் பார்த்தான். ஸ்ட்ரீட் வியூவில் தேடி அது எந்த நிலையம் என்று கண்டுபிடித்தான். அங்கே காத்திருந்து, பின்தொடர்ந்து போய், வீட்டருகே அவரைத் தாக்கினான். அவர் வீட்டில் எடுத்த வீடியோக்களில் திரைச்சீலை இருக்கும் இடத்தையும் ஜன்னல் வெளிச்சம் விழும் திசையையும்கூட அவன் ஆராய்ந்திருந்தான். அவன் செய்தவற்றில் ஒன்றுகூட இந்த விளையாட்டில் சொல்லித்தராத வித்தை அல்ல. ஜியோகெஸ்ஸர் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2013 ஏப்ரலில், பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புப் படங்களை வைத்துக்கொண்டு இணையத்தில் கூட்டம் கூட்டமாகக் குற்றவாளியைத் தேடினார்கள். சம்பந்தமே இல்லாத, ஏற்கெனவே காணாமல் போயிருந்த ஒரு மாணவரின் பெயரைக் கட்டிவிட்டார்கள். அவர் குடும்பம் பட்ட பாட்டுக்குக் கணக்கில்லை. பிறகு அந்த மாணவர் இறந்து கிடந்தது தெரியவந்தது. குண்டு வைத்தவர்கள் வேறு ஆட்கள். ஊரைத் தேடும் பழக்கம் ஆளைத் தேடும் பழக்கமாக வழுக்கிப் போவதற்கு அதிக நேரம் ஆகாது.

இப்போது இயந்திரமும் வந்துவிட்டது. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் 'பிஜன்' என்ற மென்பொருளைப் பழக்கினார்கள். அது இந்த ஆட்டத்தின் மிகப் பிரபலமான கையான ட்ரெவர் ரெயின்போல்ட்டைத் தோற்கடித்தது. அதன் ஊகங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் சரியான இடத்துக்கு 25 கிலோமீட்டருக்குள் விழுகின்றன. அதற்குப் பிறகு வந்த சாட்பாட்களிடம் விடுமுறைப் படத்தைக் கொடுத்தால் அவையும் ஊரைச் சொல்கின்றன. ஆட்டத்தின் மதிப்பு விடையில்தான் இருக்கிறது என்பவருக்கு இது பெரிய அடி. விடை வாங்க இனி நண்பர்கள் தேவையில்லை. தனிமனிதப் பாதுகாப்புக்கோ அடி இன்னும் பெரியது. ஜப்பானில் அந்த ஆள் நாள்கணக்கில் செய்த வேலையை இனி எந்தத் திறமையும் இல்லாதவன் செய்ய முடியும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு பார்க்கும்போது, மலைப் படத்தைப் போட்ட நண்பரின் வடிவமே போட்டி வடிவத்தைவிட மேலானது என்பது என் கணிப்பு. முதல் காரணம், படத்தைப் போட்டவர் அந்த இடத்தில் நின்றவர். எதைச் சட்டத்துக்குள் வைக்கலாம், எதை வெளியே விடலாம் என்று யோசித்தவர். ஸ்ட்ரீட் வியூ கார் எதையும் யோசிப்பதில்லை, அது போட்ட புதிரில் புதிர் போட்டவர் என்று ஒருவர் இல்லை. விடுகதை சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விடை தேடுவதில் இருக்கும் சுவை இதில் இருக்கிறது. இரண்டாவது, குழுவில் விடை மட்டும் செல்லாது. "ஊட்டி" என்று ஒருவர் சொன்னதும் "எப்படிச் சொல்றீங்க?" என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்விதான் இந்த விளையாட்டின் உயிர். போட்டி வடிவம் அதைக் கேட்பதே இல்லை.

படத்தோடு துப்புக் கொடுப்பதும் ஒரு கலை. பல குழுக்களில் அது சொல் விளையாட்டாகவே முடிந்துவிடுகிறது: ஊர்ப் பெயரின் முதல் பாதி ஒரு பழம், பின் பாதி ஒரு உறவு என்பது போல. அதைக் கண்டுபிடித்தவர் ஊரின் பெயரைத்தான் கண்டுபிடித்தார், ஊரை இல்லை. நல்ல துப்பு, விடை தெரிந்த பிறகும் அந்த இடத்தைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நம் ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். பெயரை மறைத்து அந்த எண்ணை மட்டும் காட்டினால் அது நல்ல துப்பு. மேட்டுப்பாளையத்தில் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டி நிற்கும் அந்த எண் ஊட்டியில் 2,200-ஐத் தாண்டிவிடும். நடுவில் வரும் எந்த எண்ணும் மலையின் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைச் சொல்லிவிடும்.

இடத்தோடு காலத்தையும் கேட்கிற துப்பு அதைவிட நல்லது. பாம்பன் பாலத்தின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும், அங்கே புதிர் இல்லை. "எப்போது எடுத்தது?" என்று கேளுங்கள். ரயில் பாலம் 1914-ல் திறந்தது. படம் உயரத்திலிருந்து, பக்கத்திலுள்ள சாலைப் பாலத்தில் நின்று எடுத்ததுபோல் இருந்தால் 1988-க்குப் பிறகுதான் இருக்க முடியும், சாலைப் பாலம் திறந்ததே அப்போதுதான். ஓடுவது மீட்டர் கேஜ் ரயில் என்றால் 2007-க்கு முந்தியது, அந்த ஆண்டில் பாதை பிராட் கேஜாகிவிட்டது. கை விரித்ததுபோல் இரண்டாகப் பிளந்து உயரும் பழைய தூக்கின் மேல் ரயில் போகிறதென்றால் 2022 டிசம்பருக்கு முந்தியது. நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும் புதுப் பாலம் தெரிந்தால் அண்மைக்காலப் படம், அது திறக்கப்பட்டது 2025 ஏப்ரலில். ஒரு படத்தைச் சுற்றி இவ்வளவு பேசினால், குழுவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாம்பனின் நூறாண்டு வரலாறு பாடப்புத்தகம் இல்லாமலே வந்து சேர்ந்துவிடும்.

படத்தைக் கூகுளில் போட்டுத் தேடலாமா என்ற சண்டை எல்லாக் குழுவிலும் வரும். கூடாது என்பதே என் பக்கம், சாட்பாட்டுக்கும் அதே விதி. விடையைச் சரிபார்க்க மட்டும் தேடலாம். படத்தைப் போடுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போனில் எடுத்த படக் கோப்புக்குள்ளேயே இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் பதிந்திருக்கக்கூடும். 2012-ல் தலைமறைவாக இருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்கஃபி கவுதமாலாவில் இருப்பது, ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்தின் கோப்பிலிருந்தே அம்பலமானது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

கண்டிப்பான விதி ஒன்றே ஒன்று. வீடு கூடாது, ஆள் கூடாது. உயிரோடிருக்கும் ஒருவர் எங்கே குடியிருக்கிறார், இப்போது எங்கே இருக்கிறார் என்பது எந்தக் குழுவிலும் புதிராகக் கூடாது. படம் நண்பருடையதாக இருந்தாலும், "சும்மா விளையாட்டுக்கு" என்று சொன்னாலும் கூடாது. பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் வீட்டு வாசற்கதவும் பால்கனியிலிருந்து தெரியும் காட்சியும் இதில் அடக்கம். கண்மணிக்குள் ஒரு ரயில் நிலையத்தைப் படிக்க முடியும் என்று தெரிந்த காலத்தில் இதை அதிகப்படியான பயம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆக, புவியியல் கற்றுத் தருகிறது என்ற பாராட்டைப் போட்டி வடிவத்துக்கு நான் பாதிதான் தருவேன். உலகம் சுற்றிக் காட்டுகிறது என்பதை ஏற்க மாட்டேன். பார்வையைக் கூர்மையாக்குகிறது என்பதை முழுதாக ஏற்கிறேன், காரணம் கேட்கப்படுகிற குழுவில் மட்டும். காரணம் கேட்காத குழுவில் அது அதிர்ஷ்டப் பரிசு.

இந்தத் திறமையைச் செலவிட இன்னொரு நல்ல இடமும் இருக்கிறது. இறந்துபோன அப்பாவின் அல்லது அம்மாவின் பழைய படத்தை அனுப்பி, இது எங்கே எடுத்தது என்று கேட்பவர்களுக்கு ரெயின்போல்ட் இடத்தைத் தேடிக் கொடுத்திருக்கிறார். நம் வீடுகளில் அப்படிப்பட்ட படங்களுக்குப் பஞ்சமே இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் பிழைக்கப் போனவர்கள் அங்கே எடுத்து அனுப்பிய படங்கள், பின்னால் ஒரு வரி எழுத்துகூட இல்லாமல் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. தாத்தாவுக்குப் பின்னால் தெரியும் கட்டடம் ரங்கூனா பினாங்கா என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவற்றில் ஒன்றை எடுத்து, போனில் படம் பிடித்து, குடும்பக் குழுவில் போடுங்கள். கேள்வி அதேதான்: எந்த ஊர் இது, எப்படிச் சொல்கிறீர்கள்? வரும் பதிலைப் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள்.